பின்னால் வந்து இடித்தார்கள்: தவறு நம்முடையதல்லாத விபத்தும் இன்சூரன்ஸ் கிளெய்மும்

விபத்தில் தவறு நம் மேல் இல்லையென்றால் செலவு முழுவதையும் இடித்தவரின் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றுதான் கார் வைத்திருப்பவர்களில் பலர் நம்பியிருக்கிறார்கள். இந்தியாவில் நடைமுறை அப்படி அமையவில்லை. நம் காரைச் சரிசெய்ய நாம் முதலில் அணுக வேண்டியது நம்முடைய சொந்த பாலிசியைத்தான். அங்கே தவறு யாருடையது என்பதற்கு ஒரு ரூபாய் மதிப்பும் கிடையாது. நாமே கவனமில்லாமல் சுவரில் மோதியிருந்தாலும், நின்றுகொண்டிருந்த நம் வண்டியின் மேல் இன்னொருவர் வந்து மோதியிருந்தாலும், பாகங்கள் பழையவை என்பதற்காகப் பிடிக்கப்படும் தேய்மானத் தொகை ஒன்றுதான், கிளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸின் இழப்பும் ஒன்றுதான். ‘தவறு என்னுடையதல்ல’ என்ற வாக்கியம் விலை பெறும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அங்கே கொடுக்க வேண்டிய ஆதாரங்களோ விபத்து நடந்த முதல் சில மணி நேரத்திலேயே உருவாகிவிட வேண்டும். அப்போது கிடைக்காததைப் பிறகு எந்த வழக்கறிஞராலும் உண்டாக்கித் தர முடியாது. எங்களுக்கு நேர்ந்த ஒரு விபத்தை முன்வைத்து இதை விரிவாக எழுதுகிறேன்.

நானும் மனைவியும் தாம்பரத்திலிருந்து திண்டிவனம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். மதுராந்தகத்தைத் தாண்டியதும் ஒரு சந்திப்பில் வாகனங்கள் வரிசையாக நின்றிருந்தன. எங்கள் காரும் முழுமையாக நின்றுவிட்ட பிறகு, பின்னால் வந்த சரக்கு வேன் ஒன்று வேகம் குறையாமல் மோதியது. அந்த வேகத்தில் எங்கள் கார் முன்னால் தள்ளப்பட்டு, அங்கே நின்றிருந்த இன்னொரு காரின் பின்பகுதியில் இடித்தது. பின்பக்க பம்பர், டிக்கிக் கதவு, பின் கண்ணாடி, முன்பக்கம் பானெட், கிரில், ஒரு ஹெட்லைட் எல்லாம் போயின. எனக்குக் காயமில்லை. மனைவிக்குக் கழுத்தில் கடுமையான வலி.

இந்த மாதிரி விபத்தில் நடுவில் மாட்டிக்கொண்ட காரின் நிலை சங்கடமானது. பின்னால் இருப்பவர் நம்மை இடித்தார் என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் முன்னால் இருப்பவரின் கண்ணுக்கு நாம்தான் அவரை இடித்தவர்கள். முன்காரிலிருந்து இறங்கிய பெரியவர் நேராக என்னிடம்தான் கோபத்தோடு வந்தார். அவர் பார்வையில் அது நியாயமும்கூட. முன்னால் செல்லும் வாகனத்துக்கும் நமக்கும் போதிய இடைவெளி விட வேண்டும் என்பது சாலை விதி. அதனால் பின்னாலிருந்து இடிப்பவர் மீதே தவறு என்ற அனுமானம் முதலில் எழும். நாம் முழுமையாக நின்றிருந்தோம், பின்னாலிருந்து தள்ளப்பட்டோம் என்று காட்டினால்தான் அந்த அனுமானம் வேனை நோக்கித் திரும்பும். எங்கள் காரில் டேஷ் கேமரா இருந்தது. கார் நின்றது, சில நொடிகள் அசையாமல் இருந்தது, பிறகு ஓர் அதிர்ச்சியோடு முன்னால் தள்ளப்பட்டது என்று மூன்றும் வரிசையாக அதில் பதிவாகியிருந்தன. பெரியவரிடம் அதைப் போட்டுக் காட்டினேன். பார்த்து முடித்ததும், “நீங்க நின்னுட்டுத்தான் இருந்தீங்க தம்பி, நான் வேணும்னா சாட்சி சொல்றேன்” என்றார். சொன்னபடியே அன்று மாலை காவல் நிலையத்துக்கும் வந்தார்.

டேஷ் கேமரா வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். அந்தக் கேமராக்கள் பழைய காட்சிகளை அழித்து அதே அட்டையில் புதியதைப் பதிவுசெய்துகொண்டே இருக்கும். ஆகவே விபத்து நடந்ததும் மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துவது நல்லது. கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது யாராவது வண்டியை எடுத்து ஓட்டினால் நம் முக்கியமான ஆதாரம் அழிந்துவிடும். கேமரா இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அருகிலுள்ள பெட்ரோல் பங்க், கடை, சுங்கச்சாவடி போன்ற இடங்களின் கேமராப் பதிவுகளைப் பாதுகாக்கும்படி புகாரிலேயே எழுதிக் கேட்கலாம். அவையும் சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் அன்றே கேட்பது முக்கியம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆட்களைப் பார்க்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ் எல்லோருக்கும் தெரியும். தேசிய நெடுஞ்சாலையில் நடக்கும் விபத்துக்கு 1033 என்ற எண்ணையும் அழைக்கலாம், ரோந்து வண்டியும் வாகனத்தை அகற்றும் வண்டியும் அனுப்புவார்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ், விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவைப் பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது; தனியார் மருத்துவமனைகளும் அந்தப் பட்டியலில் உண்டு.

வலி குறைவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கழுத்துக் காயம் பல நேரங்களில் மறுநாள்தான் முழுதாகத் தெரியும். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள்; அதன் நகலை ஏ.ஆர். காப்பி என்பார்கள். விபத்து எங்கே, எப்போது, எப்படி நடந்தது என்று மருத்துவர் கேட்டு எழுதும் இரண்டு மூன்று வரிகள் பின்னாளில் தீர்ப்பாயத்தில் மிகுந்த கவனத்தோடு படிக்கப்படுகின்றன. ‘கீழே விழுந்ததில் காயம்’ என்று அவசரத்தில் எழுதப்பட்டுவிட்டால், அதைச் சரிசெய்யப் பல மாதங்கள் போராட வேண்டியிருக்கும். நான் மருத்துவரிடம் பணிவாகச் சொல்லி, நின்றிருந்த காரின் மேல் சரக்கு வேன் மோதியதில் ஏற்பட்ட காயம் என்பதையும் வேனின் பதிவு எண்ணையும் அந்தப் பதிவில் சேர்க்கச் செய்தேன்.

வண்டிகளை நகர்த்துவதற்கு முன் படம் எடுப்பது எப்படி என்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. நசுங்கிய இடத்தை மட்டும் நெருங்கி எடுத்த படங்கள் பெரிதாக உதவாது. மூன்று வாகனங்களும் ஒரே சட்டகத்துக்குள் வரும்படி தூரத்திலிருந்து நான்கு பக்கமும் எடுக்க வேண்டும். சாலையின் டயர்த் தடங்கள், சிதறிய கண்ணாடி, அருகிலுள்ள கிலோமீட்டர் கல் அல்லது பெயர்ப்பலகை, எல்லா வண்டிகளின் நம்பர் பிளேட்டுகள், வேனின் முன்பம்பரும் எங்கள் டிக்கியும் எந்த உயரத்தில் தொட்டன என்பது ஆகியவை தெரிய வேண்டும். பிறகு நடந்தபடியே ஒரு வீடியோவும் எடுத்தால் இடத்தின் அமைப்பு புரியும். வேன் ஓட்டுநரின் உரிமத்தை அவர் காட்டியபோது படம் எடுத்துக்கொண்டேன். வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்தால், அதன் இன்சூரன்ஸ் எந்த நிறுவனத்துடையது, எந்தத் தேதி வரை செல்லும், தகுதிச் சான்று நடப்பில் இருக்கிறதா என்ற விவரங்கள் வந்துவிடும். அந்தத் திரையையும் சேமித்துக்கொள்ள வேண்டும். எதிர் வாகனத்துக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால் பொறுப்பு உரிமையாளர் தலையில்தான் விழும். அப்போது வழக்கின் போக்கே மாறிவிடும் என்பதால் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இதற்குள் வேனின் உரிமையாளர் தொலைபேசியில் வந்தார். “சார், பையன் புதுசு, கேஸ் ஆச்சுன்னா லைசென்ஸ் போயிடும், பதினஞ்சாயிரம் தர்றேன், புகார் இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க” என்று கேட்டார். அவர் குரலில் மிரட்டல் இல்லை, கவலைதான் இருந்தது. ஆனாலும் இந்த இடத்தில் உறுதியாக இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் பாகங்களைக் கழற்றிப் பார்க்காமல் சேதத்தின் அளவு யாருக்கும் தெரியாது. புகார் இல்லை, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் நம் சொந்த நிறுவனத்திடம்கூட நமக்கு எதிராகத் திரும்பலாம். ஏனென்றால் இழப்பீட்டைக் கொடுத்த பின் இடித்தவரிடமிருந்து அதை மீட்கும் உரிமை நிறுவனத்துக்கு மாறுகிறது, அதை நாம் முன்கூட்டியே விட்டுக்கொடுத்துவிட்டதாக ஆகும். முன்காருக்கும் இதே விதி வேறு வகையில் பொருந்தும். நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்பது நம் பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. இரக்கத்தில்கூட ‘உங்கள் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

காவல் நிலையத்தில் முதலில் மனு ரசீதாகிய சி.எஸ்.ஆர். தருவதாகச் சொன்னார்கள். வண்டிச் சேதத்துக்கு நம் சொந்த பாலிசியில் கிளெய்ம் செய்வதற்குப் பல நேரங்களில் அதுவே போதும். சிறிய சேதமாக இருந்தால் காவல் நிலையமே போகாமல்கூட முடிந்துவிடும். ஆனால் ஆளுக்குக் காயம் இருக்கும்போதும், எதிர்த்தரப்பின் இன்சூரன்ஸிடம் கேட்கப்போகும்போதும், முதல் தகவல் அறிக்கை இல்லாமல் வழக்கு பலவீனமாகிவிடும். ஏ.ஆர். பதிவு இருந்ததால் எங்களுக்கு எஃப்.ஐ.ஆர். பதிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில், பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டுவது 281-ஆவது பிரிவிலும், அப்படிப்பட்ட செயலால் காயம் விளைவிப்பது 125-ஆவது பிரிவிலும் வருகின்றன. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். அதோடு நிறுத்திவிடாமல், இடத்தின் வரைபடம், சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, பின்னாளில் குற்றப்பத்திரிகை ஆகியவற்றையும் வாங்கி வைக்க வேண்டும். வேனின் பிரேக்கில் கோளாறு இருந்ததா இல்லையா என்பது ஆய்வாளர் அறிக்கையில்தான் இருக்கும். பிரேக் சரியாக இருந்தது என்று அதில் எழுதியிருந்தால், ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்ற நம் தரப்பு வலுப்பெறும்.

புகாரை எழுதும்போது கோபத்தை இறக்கிவைத்துவிட்டு நடந்ததை மட்டும் வரிசையாக எழுதினேன். எத்தனை மணிக்கு, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில், எந்தத் திசையில், நாங்கள் எதற்காக நின்றோம், நின்றபின் யார் யாரை இடித்தார்கள் என்பதே போதும். பிறகு கிளெய்ம் படிவத்தில் விபத்தை விவரிக்கும் இடத்தில் அதே சொற்களைத்தான் எழுதினேன். போலீஸ் புகார், மருத்துவமனைப் பதிவு, கிளெய்ம் படிவம் ஆகிய மூன்றிலும் நேரமும் இடமும் நடந்த வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் காலை 9.30 என்றும் இன்னொன்றில் 11 மணி என்றும் இருந்தால், நேர்மையான கிளெய்ம்கூடச் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நம் நிறுவனத்துக்குச் சம்பவ இடத்திலிருந்தே தகவல் சொல்லி, கிளெய்ம் எண்ணை வாங்கிக்கொள்வது நல்லது. சில மணி நேரம் தாமதமானதாலேயே உரிமை போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமாகத் தெரிவித்த உண்மையான கிளெய்மைத் தாமதத்தை மட்டும் காட்டி நிராகரிக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதேபோல், புகைச் சான்று இல்லை என்பதற்காக விபத்துக் கிளெய்மை மறுக்க முடியாது என்பதையும் 2020-இல் அந்த ஆணையம் தெளிவுபடுத்தியது. ஆனால் ஓட்டியவரிடம் அந்த வகை வண்டிக்கான செல்லுபடியாகும் உரிமம் இருந்தே ஆக வேண்டும்.

காரை இழுத்துச் செல்லும் வண்டிக்கு 4,500 ரூபாய் ஆயிற்று. வழக்கமான கார் பாலிசியில் இதற்குக் கிடைப்பது அதிகபட்சம் 1,500 ரூபாய்தான். சாலை உதவிக்கான கூடுதல் காப்பு வைத்திருந்தால் கணக்கு வேறு. ரசீதைப் பத்திரப்படுத்தினேன். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்காமல் எதையும் கழற்றக் கூடாது, எந்த வேலையும் தொடங்கக் கூடாது என்று ஒர்க்‌ஷாப்பில் எழுத்திலேயே சொல்லிவிட்டேன்.

சேதம் 50,000 ரூபாய்க்கு மேல் போனால் உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும் என்பது விதி. 2024-இல் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கையின்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாட்களுக்குள் அறிக்கை வர வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். இந்தக் கால அளவுகளை நினைவில் வைத்துக்கொண்டு மின்னஞ்சலில் கேட்டபோது பதில் விரைவாக வந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் ஒவ்வொன்றைச் சொன்னார்கள்.

சர்வேயர் வரும்போது நாம் அங்கே இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் நான் போயிருந்தேன். வெளியே தெரியும் சேதத்தை மட்டும் வைத்து முதல் எஸ்டிமேட் போடப்படுகிறது. பின்பக்கம் பலமாக இடிபட்ட காரில், டிக்கியின் தரைத் தகடு மடங்கியிருப்பதும், சேஸிஸ் உறுப்புகள் சற்று வளைந்திருப்பதும், பம்பரைக் கழற்றிய பிறகே தெரியும். ஆகையால் பாகங்களைக் கழற்றிய பின் மறுபடி வந்து பார்க்கும்படியும், துணை எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் தரும்படியும் கேட்டேன். டிக்கிக் கதவை டிங்கரிங் செய்து நிமிர்த்தலாம் என்றார் சர்வேயர். மாற்ற வேண்டும் என்றது ஒர்க்‌ஷாப். கதவு மூடும் விளிம்பு முறுக்கியிருந்ததையும், நிமிர்த்தினால் மழைநீர் உள்ளே இறங்கும் என்பதையும் படத்தோடு எழுதி அனுப்பிய பிறகு மாற்றுவதற்கு ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்ட வேறுபாடுகளில் குரலை உயர்த்துவதைவிட, காரணத்தை எழுதிக் கேட்பதே பலன் தருகிறது. சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமையும் நமக்கு உண்டு.

இனிப் பணக் கணக்கு. பலரும் ஏமாற்றமடையும் இடம் இதுதான் என்பதால் எங்கள் பில்லை அப்படியே தருகிறேன். கார் மூன்று வயதைக் கடந்து நான்காவது வயதில் இருந்தது. வரி உட்பட மொத்தச் செலவு 1,68,000 ரூபாய். அதில் உலோகப் பாகங்கள் 62,000. மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள் உள்ள காருக்கு உலோகப் பாகங்களில் 25 சதவீதம் தேய்மானம் கழிக்கிறார்கள், 15,500 போயிற்று. பம்பர், கிரில், விளக்குகள் போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் 38,000. இவற்றுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதம், ஆக 19,000. கண்ணாடி 9,000, கழிவு இல்லை. டிங்கரிங் உள்ளிட்ட கூலி 24,000; அதிலும் கழிவு இல்லை. பெயிண்டிங் 32,000, அதில் நான்கில் ஒரு பங்கைப் பெயிண்ட் பொருளின் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிக்கிறார்கள், ஆக 4,000. கிளிப், கூலண்ட், போல்ட் போன்ற சில்லறைப் பொருட்கள் 3,000. சாதாரண பாலிசியில் இவற்றுக்குப் பணம் இல்லை. மாற்றிய பழைய பாகங்களின் மதிப்பாக 1,500 கழித்தார்கள். ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000. அதற்கு மேலென்றால் 2,000. எல்லாம் சேர்ந்து 44,000 ரூபாய் எங்கள் கையிலிருந்து போயிற்று. நிறுவனம் 1,24,000 கொடுத்தது. நின்றுகொண்டிருந்த வண்டியை இன்னொருவர் வந்து இடித்ததற்கு நாம் 44,000 ரூபாய் கட்டுகிறோம் என்பது மனதுக்கு ஒப்பாதது. ஆனால் பாலிசி அந்த அடிப்படையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இதற்கு மேல் நோ கிளெய்ம் போனஸ் இழப்பு. கிளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று, பிரீமியத்தில் நம் வண்டியின் சேதத்துக்கான பங்காகிய சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். ஒரு கிளெய்ம் வாங்கினால், தவறு யாருடையதாக இருந்தாலும், அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். எனக்கு அடுத்த புதுப்பித்தலில் 45 சதவீதம் கிடைத்திருக்க வேண்டும். பலரும் அந்த ஓர் ஆண்டு இழப்பை மட்டும் கணக்கிடுகிறார்கள். உண்மையில் இழப்பு ஐந்து ஆண்டுகளுக்கு நீள்கிறது: 45-க்குப் பதில் பூஜ்யம், 50-க்குப் பதில் 20, பிறகு 25, 35, 45 என்று ஏறித்தான் பழைய நிலைக்கு வர முடியும். இந்த வேறுபாடுகளைக் கூட்டினால் 120 சதவீதம் வருகிறது. அதாவது தள்ளுபடிக்கு முந்தைய ஓர் ஆண்டுச் சொந்தச் சேதப் பிரீமியத்தைப் போல 1.2 மடங்கு. அந்தப் பிரீமியம் 9,000 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 10,800 ரூபாய். ஆகவே கிளெய்மில் கையில் கிடைக்கும் தொகை இந்த அளவைத் தாண்டாது என்றால் கிளெய்ம் செய்யாமல் விடுவதே லாபம். சிறு கீறல்களுக்குக் கிளெய்ம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். முன்காரின் உரிமையாளர் நம் மேல் மூன்றாம் தரப்புக் கோரிக்கை, அதாவது தன் சேதத்துக்கு நம் இன்சூரன்ஸிடம் பணம் கேட்கும் கோரிக்கை, வைத்தால் அதனால் நம் போனஸ் போகாது என்பதும் தெரிந்திருக்க வேண்டியது.

காரைத் திரும்ப எடுக்கும்போது ஒர்க்‌ஷாப்பில் திருப்திக் கடிதம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். ஓட்டிப் பார்க்காமல், டிக்கியை நான்கைந்து முறை திறந்து மூடிப் பார்க்காமல், இரவில் விளக்கின் உயரத்தைச் சோதிக்காமல் அதில் கையெழுத்திட வேண்டாம்.

மீதமுள்ள பணத்துக்கு இரண்டாவது வழியில், அதாவது வேனின் இன்சூரன்ஸிடம் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனோம். சரக்கு வேனோ காரோ, வழக்கமான மூன்றாம் தரப்புக் காப்பில் பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு 7,50,000 ரூபாய் வரை இடமுண்டு. இரு சக்கர வாகனத்துக்கு அது 1,00,000. காயத்துக்குத் தீர்ப்பாயம் தீர்மானிக்கும் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவின்படி காயமடைந்தவரும் மனுத் தாக்கல் செய்யலாம், சேதமடைந்த சொத்தின் உரிமையாளரும் செய்யலாம். அதனால் மனைவியின் காயத்துக்கு ஒரு மனுவும் காரின் சேதத்துக்கு ஒரு மனுவும் தனித்தனியாகப் போட்டோம். விபத்து நடந்த இடத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்று பலர் எண்ணித் தயங்குகிறார்கள். நாம் வசிக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலும் போடலாம். 2019 திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. குற்றப்பத்திரிகை வரட்டும், சிகிச்சை முடியட்டும் என்று காத்திருந்து இந்தக் காலத்தைக் கடத்திவிடக் கூடாது. வராத ஆவணங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வேனின் இன்சூரன்ஸ் விவரங்களைக் காவல் நிலையமோ பதிவு அலுவலகமோ கோருபவருக்குத் தர வேண்டும் என்று 160-ஆவது பிரிவு சொல்கிறது.

வழக்கறிஞரைத் தேடும்போது மருத்துவமனை வாசலிலும் காவல் நிலைய வாசலிலும் தாமாக வந்து அட்டை நீட்டுகிறவர்களைத் தவிர்த்தோம். கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதை இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடைசெய்கின்றன. நியாயமான ஒரு தொகையை முன்பே பேசி எழுத்தில் வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் மரியாதை.

காருக்கான மனுவில் நாங்கள் கேட்டது மூன்றைத்தான்: பாலிசியில் கழிக்கப்பட்ட 44,000, இழுவைச் செலவில் மிஞ்சிய 3,000, கார் ஒர்க்‌ஷாப்பில் நின்ற காலத்தில் மனைவியின் சிகிச்சைக்காகவும் வேலைக்காகவும் வாடகைக் காருக்குக் கொடுத்த 12,000. எங்கள் நிறுவனம் ஏற்கெனவே கொடுத்த 1,24,000 ரூபாயை மனுவிலேயே வெளிப்படையாகக் குறிப்பிட்டோம். ஒரே சேதத்துக்கு இரண்டு இடங்களில் பணம் கேட்பது சரியல்ல. அதை மறைத்தால் மற்ற கோரிக்கைகளின் நம்பகத்தன்மையும் போய்விடும். போனஸ் இழப்பையும் கேட்கலாமா என்று வழக்கறிஞரிடம் விசாரித்தேன். ரசீதால் நிரூபிக்கக்கூடியவற்றோடு நிறுத்திக்கொள்வது வழக்கைச் சுருக்கமாக முடிக்க உதவும் என்றார். அந்த அறிவுரை பலித்தது. விசாரணை நீளாமல் இரண்டு மனுக்களும் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு, கார் மனு 48,000 ரூபாய்க்கும் மனைவியின் மனு தனித்தொகைக்கும் சமரசமாக முடிந்தன. மக்கள் நீதிமன்றத்தின் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், ஒப்புக்கொள்ளும் முன் தொகையை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். அதே காரணத்தால் எதிர்த்தரப்பும் அதை இழுத்தடிக்க முடியாது. வாடகைக் கார் ரசீதுகளில் தேதியும் புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் தெளிவாக இருந்தவற்றை அவர்கள் கேள்வி கேட்கவில்லை. தொகை மட்டும் எழுதிய வெற்றுத் துண்டுச்சீட்டுகளைத்தான் ஒதுக்கினார்கள்.

எங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், சொந்த நிறுவனத்தோடு தகராறு வருகிறவர்களுக்காக இதையும் சொல்கிறேன். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நடத்தும் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. அங்கே காலக்கெடு இரண்டு ஆண்டு.

அடுத்த புதுப்பித்தலில் தேய்மானக் கழிவில்லாத கூடுதல் காப்பையும் சில்லறைப் பொருட்களுக்கான காப்பையும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் பில்லில் இவை இரண்டும் இருந்திருந்தால் 44,000 ரூபாயில் 41,500 ரூபாய் எங்கள் கையிலிருந்து போயிருக்காது. இந்தக் காப்பைப் பெரும்பாலும் காருக்கு ஐந்து வயது ஆகும் வரை எளிதாகத் தருகிறார்கள். அதற்கு மேல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஓர் ஆண்டில் எத்தனை கிளெய்ம் வரை என்ற வரம்பும் மாறும். போனஸ் பாதுகாப்புக் காப்பு வாங்குகிறவர்கள், அது எந்த வகைக் கிளெய்முக்குப் பொருந்தும், ஆண்டுக்கு எத்தனை முறை பொருந்தும் என்பதை விளம்பரத்தில் பார்க்காமல் பாலிசித் தாளில் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.